உடம்பு எப்படி ஏறியது? அவரவர் அனுபவம்

மடிப்பாக்கம், இரண்டு பிள்ளைகளின் அம்மா

கல்யாணத்தின்போது நான் 52 கிலோ. இப்போது 70. உயரம் 156 செ.மீ. நடுவில் 11 வருடம், இரண்டு பிரசவம். முதல் குழந்தையோடு ஊருக்குப் போனபோது "இப்பத்தான் பூசினாப்ல லட்சணமா இருக்க" என்றார்கள். அதே சித்தி போன வருடம் கல்யாண வீட்டில் எல்லோர் முன்னாலும் "என்னடி இப்படி ஊதிட்ட" என்று கேட்டார்.

நான் அதிகம் சாப்பிடுகிறவள் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று சொன்ன டாக்டர், இன்ச் டேப்பால் இடுப்பைச் சுற்றி அளந்தார். 94 செ.மீ. நம் ஊர்ப் பெண்களுக்கு 80-க்குள் இருக்க வேண்டுமாம். ஒரு வாரம் வாயில் போடுவதையெல்லாம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

எழுதியபோதுதான் புரிந்தது. காலையில் இட்லி, மதியம் சாதம், இரவு தோசை. மூன்று வேளையும் அரிசி. பருப்பும் காயும் ஓரத்தில் ஒரு கரண்டி. டீ நான்கு, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஒரு நாளுக்கு மொத்தமே ஆறு ஸ்பூனுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனக்கு டீயிலேயே எட்டு. அப்புறம், நான் கணக்கிலேயே சேர்க்காத ஒன்று, பிள்ளைகள் தட்டில் வைக்கும் மிச்சம். பாதி தோசை, ரெண்டு வாய் தயிர்சாதம். கொட்ட மனசு வராது. சோற்றை வீணாக்கக் கூடாது என்று சொல்லியே வளர்த்தார்கள். வீட்டுக்காரர் வர ஒன்பதரை ஆகும். எல்லோருக்கும் தோசை சுட்டுப் போட்டு நான் உட்காரும்போது மணி பத்தேகால். பதினொன்றுக்குப் படுக்கை.

நடக்கப் போகலாமே என்பார்கள். எங்கள் தெருவில் நடைபாதை இல்லை. மழை பெய்தால் தண்ணீர் நிற்கும், இருட்டினால் நாய்கள். மாமியார் கெட்டவர் இல்லை. ஆனாலும் சாயங்காலம் செருப்பை மாட்டினால் "யாரைப் பார்க்கப் போற?" என்று கேட்பார். ஒரு பெண் காரியம் எதுவும் இல்லாமல் சும்மா நடந்து போவது அவர் பார்த்த உலகத்தில் கிடையாது. போன மாதத்திலிருந்து அவரையும் கூட்டிக்கொண்டு கோயில் வரை போய் வருகிறேன். டீயில் அரை ஸ்பூன்தான். எடை இன்னும் பெரிதாக இறங்கவில்லை.

சிறுசேரி, நைட் ஷிப்ட்

அக்கா, பத்தேகால் என்றதும் என் நேரம் ஞாபகம் வந்தது. எனக்கு இரவு ஒன்றரைக்குத்தான் சாப்பாட்டு இடைவேளை. அப்போது கிடைப்பது பரோட்டா, பிரைட் ரைஸ், மெஷின் காபி. வீட்டு வாசலில் கேப் ஏறினால் ஆபீஸ் வாசலில்தான் இறங்குவேன். காலை ஏழுக்குப் படுத்தால் பத்து மணிக்குக் குக்கர் விசில், பக்கத்தில் வீடு கட்டுகிற சத்தம். ஐந்து மணி நேரம் தூங்கினால் அதிகம். தூக்கம் குறைந்த நாளில் பசி அடங்குவதே இல்லை, அதுவும் இனிப்பும் எண்ணெய்ப் பலகாரமும்தான் கேட்கிறது. தூக்கம் கெட்டால் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடும் என்று ஒரு டாக்டர் விளக்கிய பிறகுதான் என்னை நானே திட்டிக்கொள்வதை நிறுத்தினேன். நான்கு வருடத்தில் 19 கிலோ ஏறியிருக்கிறேன். பகல் ஷிப்ட் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன், பார்க்கலாம்.

நாமக்கல் பக்கம் ஒரு கிராமம், சுகாதாரத் தன்னார்வலர்

அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாகப் போய் பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறேன். இது பட்டணத்துக்காரர்களுக்கு மட்டும் வருவது என்று நினைக்காதீர்கள். தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயதுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் அதிக எடையுள்ளவர்கள் 2015-16-இல் 100-க்கு 31 பேர். 2019-21-இல் 40 பேர். கிராமத்தையும் சேர்த்த கணக்கு இது.

எங்கள் ஊரில் ஆட்டுக்கல் வாசலோரம் கவிழ்ந்து கிடக்கிறது. 2011-இல் தொடங்கி அரசு கொடுத்த கிரைண்டர் பல வீட்டில் ஓடுகிறது. அதைக் குறை சொல்லவே மாட்டேன், ஆட்டி ஆட்டி எங்கள் அம்மாவுக்கு வந்த தோள்வலி எனக்குத் தெரியும். ஆனால் காடு கழனி வேலைக்குப் போனவர்கள் சாப்பிட்ட அதே அளவு சோற்றைத்தான் இன்று நாளெல்லாம் தையல் மெஷின் முன்னால் உட்காருகிறவர்களும் சாப்பிடுகிறார்கள். சிப்ஸ் பாக்கெட் சரம் சரமாகத் தொங்காத பெட்டிக்கடை இங்கே இல்லை. ஒரு கொய்யாப்பழம் வேண்டுமென்றால் சந்தை நாள் வரை காத்திருக்க வேண்டும்.

எடை மெஷினில் ஏறச் சொன்னால் பாதிப் பேர் கூச்சப்படுவார்கள். ஒரு அம்மா ஏறி நின்றுகொண்டு என் கையைப் பிடித்து, "கண்ணு, சத்தமா சொல்லீராத, மருமவ உள்ள இருக்கறா" என்றார். அன்றிலிருந்து எல்லோருக்கும் துண்டுச் சீட்டில் எழுதித்தான் கொடுக்கிறேன்.