.300 பிளாக்அவுட்: 5.56 உறையிலிருந்து உருவாக்கும்போது கழுத்து தடித்துவிடுகிறது, என்ன செய்யலாம்?

வடகரை கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் அமெரிக்காவில் வசிக்கிறேன். .300 பிளாக்அவுட் தோட்டா ஏற்கும் போல்ட் (கையால் இயக்கும் பூட்டுத் தண்டு) வகைத் துப்பாக்கி ஒன்றை வைத்திருக்கிறேன். சுடுதளத்தில் கிடைக்கும் 5.56 மி.மீ. உறைகளைத் தோளுக்கு (உடல் கழுத்தாகக் குறுகும் சரிவு) கீழே வெட்டி, டையில் (உறைக்கு வடிவம் தரும் அச்சு) அழுத்தி, எனக்கு வேண்டிய தோட்டாக்களை நானே நிரப்பி வருகிறேன். பல தயாரிப்பாளர்களின் உறைகள் கலந்திருப்பதால் சில தோட்டாக்கள் துப்பாக்கியின் அறைக்குள் இயல்பாக நுழைகின்றன. வேறு சிலவற்றிலோ போல்ட்டின் பிடியை இறுதியாகக் கீழே மடக்கும்போது எதிர்ப்புத் தெரிகிறது.

உறைகளின் நீளம் 1.368 அங்குலத்தைத் தாண்டவில்லை. தோளின் உயரமும் அளவியில் சரியாக உள்ளது. குண்டு பொருத்திய பின், அதைப் பிடித்திருக்கும் கழுத்தின் வெளிவிட்டத்தை அளந்தபோது, எளிதாக நுழைபவை 0.332 அங்குலமாகவும், இறுகுபவை 0.336 அங்குலமாகவும் இருந்தன. இவற்றை உட்புறம் துளைச்சீர் செய்வதா (துளையின் உட்சுவரை வெட்டி அகலமாக்குவது), வெளிப்புறம் கடைவதா (வெளிச்சுவரைச் சீவி மெலிதாக்குவது), அல்லது கழித்துவிடுவதா? கழுத்தைச் சூடேற்றிப் பதப்படுத்தினால் சிக்கல் தீருமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

கடைசல்:

வணக்கம் நண்பரே. முதலில் ஒரு வேண்டுகோள். 0.336 அளவுள்ள தோட்டாக்களில் ஒன்றைக்கூடச் சுட வேண்டாம். போல்ட்டின் நெம்புவிசை மிகப் பெரியது. இறுகும் தோட்டாவையும் அது உள்ளே தள்ளிப் பூட்டிவிடும். பூட்டிக்கொண்டது என்பதால் அது பாதுகாப்பானது என்று ஆகாது. வெடிமருந்து எரியும்போது கழுத்து சற்று விரிந்து குண்டை விடுவிக்க வேண்டும். விரிவதற்கு இடமில்லையென்றால் குண்டு உறைச் சுவருக்குள் கவ்விய நிலையிலேயே நிற்க, அழுத்தம் எவ்வளவு ஏறும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அவற்றை எல்லாம் குண்டு பிரிக்கும் கருவியால் பிரித்து, மருந்தையும் குண்டையும் மீட்டுக்கொள்ளுங்கள்.

கணக்கு எளியது. நிரப்பிய தோட்டாவின் கழுத்துக்கு இந்த ரகத்தில் அனுமதிக்கப்பட்ட உச்ச விட்டம் 0.334 அங்குலம். அதிலிருந்து குண்டின் 0.308 அங்குலத்தைக் கழித்தால் 0.026 மிஞ்சும், ஒரு பக்கச் சுவருக்கு அதில் பாதி, அதாவது 0.013. இதுவே கடைசி எல்லை. உங்களிடம் இறுகும் உறைகளின் சுவர் 0.014 அளவில் இருக்கிறது.

தடிப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் தீர்வும் விளங்கும். 5.56 உறையின் சுவர் வாய்ப்பக்கம் மெலிந்தும், அடியை நோக்கிப் போகப் போகத் தடித்தும் இருக்கும். நீங்கள் வெட்டி எறிவது அதன் மெல்லிய கழுத்தையும் தோளையும். புதிய கழுத்தாக மாறுவது அதற்குக் கீழிருந்த உடற்பகுதி. ஆகவே இங்கே கழுத்து தடித்திருப்பது உங்கள் வேலையின் குறை அன்று, அந்த உறையின் பிறவி அமைப்பு. பல முறை சுடுவதால் பித்தளை முன்னோக்கி நகர்ந்து கழுத்து மெல்ல மெல்லத் தடிப்பது வேறு. அந்த வகையில் உறையின் அடிப்பகுதி அதே அளவுக்கு மெலிந்துவருவதால், கழுத்தைச் சரிசெய்துவிட்டோம் என்று நிம்மதி கொள்ளாமல், முனை வளைத்த கம்பியை உள்ளே விட்டு அடிச்சுவரில் பள்ளம் தட்டுப்படுகிறதா என்றும் தடவிப் பார்க்க வேண்டும்.

உட்துளை:

துளைச்சீர் செய்வது மலிவான வழி. வெட்டுக் கருவி ஒன்றை வாங்கி, உறையை நீளம் வெட்டும் டிரிம்மரிலேயே பொருத்திச் செய்துவிடலாம். நான் அவ்வாறே செய்து வருகிறேன்.

கடைசல்:

மலிவு என்பது உண்மைதான், ஐயா. ஆயினும் துளைச்சீர்க் கருவி ஏற்கெனவே இருக்கும் துளையின் வழியே செல்வது. சுவர் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தால், இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு குறையுமேயன்றி அந்த ஏற்றத்தாழ்வு நீங்காது. வெளிப்புறம் கடையும்போது துளைக்குள் மாண்ட்ரல் (அளவான உருளைத் தண்டு) நிற்க, அதிலிருந்து நிலையான தூரத்தில் கத்தி வெட்டுவதால் சுவர் சுற்றிலும் சமமாகிறது. கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் உட்புறம் எழும் வளையத்தை நீக்கத் துளைச்சீர் உதவும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 220 கிரெய்ன் (குண்டின் எடை அலகு) போன்ற நீண்ட குண்டுகளை ஆழமாக இறக்குவோர் அந்த வளையத்தைப் புறக்கணிக்க முடியாது.

தேர்வுத்தட்டு:

கடைவதற்கு முன் தரம் பிரிப்பதே முதல் வேலை என்பது என் உறுதியான கருத்து. உறையின் தலைமுத்திரையை (அடியில் பொறித்த தயாரிப்பாளர் குறி) பார்த்துத் தனித்தனியாகக் குவியுங்கள். ஒவ்வொரு குவியலிலும் சிலவற்றை மட்டும் உருவாக்கி, உருண்டை முனையுள்ள மைக்ரோமீட்டரால் சுவரை அளந்து பாருங்கள். வெர்னியரின் தட்டையான தாடை வளைந்த உட்சுவரில் சரியாகப் படியாது. அது காட்டும் எண்ணை நம்பி முடிவெடுக்கக் கூடாது. வாயருகில் மட்டுமன்றித் தோளருகிலும், சுற்றிலும் மூன்று நான்கு இடங்களிலும் அளப்பது அவசியம். தோளருகேதான் தடிப்பு மிகுதி.

0.012 அங்குலத்துக்குள் வரும் குவியலை வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்குங்கள். 5.56 உறை எளிதில் கிடைக்கும் பொருள். தடித்த உறையைக் காப்பாற்றுவதற்காக மாலைப் பொழுதுகளைச் செலவிடுவது, இலக்குப் போட்டிக்குத் தயாராகிறவருக்கே தகும். .300 பிளாக்அவுட் என்றே முத்திரையிட்டு விற்கும் புதிய உறைகளும் உள்ளன.

வடகரை:

விளக்கங்களுக்கு மிக்க நன்றி. இறுகியவற்றைப் பிரித்துவிடுகிறேன். தடித்த குவியலில் ஒரு பகுதியையாவது கடைந்து பார்க்க ஆசை. எந்த அளவுக்குக் குறைக்கலாம்? அதன் பின் டையில் எதையாவது மாற்ற வேண்டுமா?

கடைசல்:

0.0115 அங்குலச் சுவரை இலக்காக வையுங்கள். நிரப்பிய பின் விட்டம் 0.331 ஆகும், உச்ச அளவுக்கு ஆயிரத்தில் மூன்று அங்குலம் கீழே. அதற்கும் மெலிதாக்குவதால் பயனில்லை. முதலில் எல்லா உறைகளையும் ஒரே நீளத்துக்கு வெட்டி, கடையும் மாண்ட்ரலைவிடச் சற்றே பெரிய விரிப்பு மாண்ட்ரலை ஒரு முறை செலுத்தி, உட்புறம் மசகு தடவிக் கடையுங்கள். தொடர்ந்து செய்தால் மாண்ட்ரல் சூடேறி விரியும், வெட்டும் அளவும் மாறிவிடும்; ஆதலால் இடைவெளி விட்டுக் குளிரவிடுவது நல்லது. வெட்டு தோளின் தொடக்கத்தைச் சிறிதே தொட்டு நிற்கட்டும். தோளுக்குள் ஆழமாக இறங்கினால் அந்த இடம் பலவீனமடையும்.

டையைப் பற்றி நீங்கள் கேட்டது மிக முக்கியமான கேள்வி. டை அழுத்துவது வெளிவிட்டத்தை. சுவர் மெலிந்தால் உட்துளை அகன்று, குண்டின் மீதான பிடி தளரும். பிடி தளர்ந்த குண்டு மேகசினிலிருந்து ஏறும்போது உள்ளே அமிழ்ந்து அழுத்தத்தைக் கூட்டக்கூடும். அளவாக்கிய பின் உட்துளை 0.306 அங்குலத்தை ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் சிறிய புஷிங் (கழுத்தை அழுத்தும் மாற்று வளையம்) கொண்ட டைக்கு மாறுங்கள். மாதிரித் தோட்டா ஒன்றை மருந்தும் பிரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) இன்றித் தயாரித்து, குண்டின் முனையை மேசைமீது அழுத்தி, நீளம் குறைகிறதா என்று அளந்தால் தெரிந்துவிடும்.

பதப்படுத்துவது பித்தளையை மென்மையாக்கி விரிசலைத் தடுக்கும். உருவாக்குவதற்கு முன் செய்தால் வேலையும் எளிதாகும். சுவரின் தடிப்பை அது மாற்றாது. உறையின் அடிப்பகுதிக்கு வெப்பம் ஒருபோதும் செல்லக் கூடாது.

தேர்வுத்தட்டு:

ஒன்றைச் சேர்க்கிறேன். சுட்ட உறையை அளவாக்காமல் அப்படியே எடுத்து, அதன் வாயில் புதிய குண்டு ஒன்றை விட்டுப் பாருங்கள். வாய் உள்நோக்கி மடிந்திராத உறையில் குண்டு தடையின்றி விழுந்தால் அறையில் கழுத்துக்கு இடம் இருக்கிறது. விழாவிட்டால் அந்தக் குவியலில் நிரப்புவதை உடனே நிறுத்துங்கள். மேலும், தடித்த சுவருள்ள உறைகளில் உட்கொள்ளளவு குறைவாக இருக்கலாம் என்பதால், ஒவ்வொரு புதிய குவியலுக்கும் கையேட்டின் தொடக்க அளவிலிருந்தே மருந்தை மீண்டும் ஏற்றிச் செல்லுங்கள்.