ஃபோட் ஈ-250 வானுக்கு நீடித்து உழைக்கும் போல் ஜொயின்ற் எது?

ஸ்காபரோ வான்:
வணக்கம். ஸ்காபரோவிலிருந்து மிசிசாகா வரை மரக்கறிப் பெட்டிகள் ஏற்றி ஓடும் 2011ஆம் ஆண்டு ஃபோட் ஈ-250 வான் என்னுடையது. இரண்டு குளிர்காலங்களுக்கு முன்னர் ஒரு கராஜில் சில்லை அச்சோடு இணைத்துத் திரும்பவிடும் உருண்டை மூட்டுகளான முன்பக்கத்துப் போல் ஜொயின்ற்றுகள் நான்கையும் மாற்றினேன். இப்போது சாரதிப் பக்கத்துக் கீழ் ஜொயின்ற்றின் இறப்பர் உறை கிழிந்து, செம்மண் குழம்பு போலத் துருநீர் கசிகிறது. 401 நெடுஞ்சாலையில் பாரத்தோடு போகும்போது ஜொயின்ற் கழன்று சில்லு மடங்கிவிடுமோ என்று உண்மையிலேயே அஞ்சுகிறேன். நாலைந்து குளிர்காலமாவது தாங்க எதை வாங்கலாம்?

பழைய பட்டறை:
தம்பி, ஜொயின்ற் ஆடத் தொடங்கியிருந்தால் அதை மாற்றும்வரை வானில் பாரம் ஏற்ற வேண்டாம். பனி உருக வீதிக்குப் போடும் உப்பு கரைந்து அந்தக் கிழிசலால் உள்ளே போனால், எந்தப் பெயர் பொறித்த ஜொயின்ற்றும் நெடுநாள் நிற்காது. ஆகவே பெயரைப் பார்க்கும் முன் உங்கள் பழக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொரு முறை எஞ்சின் ஒயில் மாற்றும்போதும் கிறீஸ் அடிப்பீர்களானால், கிறீஸை உள்ளே செலுத்தும் சிறு முனை உள்ளதை வாங்குங்கள். புதுக் கிறீஸ் பழையதையும் அதனோடு சேர்ந்த ஈரத்தையும் வெளியே தள்ளும். உறை சற்று உப்பியதும் நிறுத்த வேண்டும், மேலும் அழுத்தினால் அதுவே வெடித்துவிடும். கிறீஸ் அடிக்க மாட்டீர்களென்றால் ஃபோட்டின் சொந்தச் சாமானான, முழுதாக மூடப்பட்ட மோட்டர்கிராஃப்ட் போதும். நான் வேலை வான்களுக்கு மெவோடெக் நிறுவனத்தின் ரி.ரி.எக்ஸ் வரிசையையோ மூக் (Moog) நிறுவனத்தின் சாமானையோ போடுகிறேன். மூக் வாங்குகையில் பெட்டியிலுள்ள இலக்கத்தைக் கவனியுங்கள்: 'கே' என்று தொடங்குவது அவர்களின் உயர்ந்த வரிசை, 'ஆர்கே' என்று தொடங்குவது மலிவானது.

மார்க்கம் மெக்கானிக்:
அண்ணை சொன்னது சரி, ஆனால் பொருத்தும் முறையிலும் ஆயுள் தங்கியிருக்கிறது. ஜொயின்ற் அமரும் துளையிலுள்ள துருவைக் கம்பித் தூரிகையால் பளபளக்கும்வரை தேய்த்து, சுத்தியலால் அடிக்காமல் பிரெஸ் கருவியால் நேராக இறக்க வேண்டும். அடித்து இறக்கினால் கிண்ணம் சரிந்து, புதுச் சாமானே முதல் நாளிலிருந்து தேயத் தொடங்கும். ஈ-வரிசையில் மேல் ஜொயின்ற்றின் தண்டு சில்லின் சாய்வைத் தீர்மானிக்கும் கேம்பர் ஸ்லீவ் என்ற வளையம் ஒன்றினூடாகவே அச்சில் பொருந்துகிறது. கழற்றுமுன் அது நிற்கும் திசையைச் சோக்கால் குறித்துக்கொள்ளுங்கள், பின்னர் சில்லுகள் சரியான கோணத்தில் நிற்கின்றனவா என்று அலைன்மென்ற் பாருங்கள். பாராவிட்டால் புது ரயரின் ஒரு விளிம்பு மட்டும் விரைவில் மழுங்கிவிடும்.

ஸ்காபரோ வான்:
இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று வானை நிறுத்தி, சில்லைக் கழற்றிப் பார்த்தேன். பழைய ஜொயின்ற் கிறீஸ் அடிக்கும் வகைதான், ஆனால் முனை பூட்ட வேண்டிய துளையில் தொழிற்சாலையிலிருந்து வந்த பிளாஸ்டிக் அடைப்பு அப்படியே இருந்தது. இரண்டு குளிர்காலமும் அதற்குள் ஒரு சொட்டுக் கிறீஸ்கூடப் போகவில்லை. ரி.ரி.எக்ஸ் நான்கிற்கும் சொல்லிவிட்டேன்; இம்முறை முனையை நானே பூட்டுவேன்.