ஜெனரல் தெகான் பாண்டிச்சேரிக்குப் போக வேண்டியவரா?

கேள்வி: ரோஸ் ஹில் வாசகி

வணக்கம். என் மகன் பள்ளிக்காக மொரீஷியஸை ஆண்ட ஜெனரல் தெகானைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். புத்தகத்தில் "கடைசி பிரெஞ்சு கவர்னர், 1803 முதல் 1810 வரை" என்று ஒரே வரிதான் இருக்கிறது. பாண்டிச்சேரிக்குப் புறப்பட்டவர் வழி தவறி மொரீஷியஸுக்கு வந்துவிட்டார் என்று என் தாத்தா சொல்வார். உண்மையா? போர்க்களத்தில் இருந்தவர் ஆட்சி நடத்தியது எப்படி?

பதில்: மஹேபூர் ஓய்வுபெற்ற ஆசிரியர்

தாத்தா சொன்னது முக்கால்வாசி சரிதான் அம்மா. வழி தவறவில்லை, போன இடத்தில் கதவு சாத்தியிருந்தது. தெகான் 1769இல் பிரான்சின் கான் நகரில் பிறந்தவர். பிரெஞ்சுப் புரட்சிப் படையில் சேர்ந்து ஜெர்மனியின் மைன்ஸ் முற்றுகையிலும் பிரான்சின் வாந்தே உள்நாட்டுப் போரிலும் இருந்தார், 1800இல் ஜெர்மனியின் ஹோஹென்லிண்டனில் தளபதி மொரோவின் கீழ் போரிட்டார். பிரான்சும் இங்கிலாந்தும் 1802இல் செய்துகொண்ட ஆமியான் சமாதான ஒப்பந்தப்படி பாண்டிச்சேரி பிரான்சுக்குத் திரும்ப வேண்டும். அதைப் பொறுப்பேற்கத்தான் 1803 மார்ச்சில் அவரை அனுப்பினார்கள். ஜூலையில் பாண்டிச்சேரிக் கரைக்கு வந்து பார்த்தால் ஆங்கிலேயர் ஊரை ஒப்படைக்கவில்லை, எதிரே அவர்களுடைய போர்க்கப்பல்கள். நங்கூரம் போட்டவர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பி ஆகஸ்ட்டில் இங்கே வந்து சேர்ந்தார்கள்.

வந்ததும் காலனி சபையைக் கலைத்து அதிகாரத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். போர்ட் லூயிஸின் பெயர் போர்ட் நெப்போலியன் ஆனது. எங்கள் மஹேபூரை உருவாக்கியவரும் அவர்தான். அவர் தன் பெயரை வைக்காமல் பழைய கவர்னர் மஹே தெ லா பூர்தொனேயின் பெயரை வைத்தது எனக்குப் பிடித்த விஷயம்.

பிளிண்டர்ஸ் கதையை மகன் கட்டாயம் எழுதட்டும். ஆஸ்திரேலியாவைச் சுற்றி வரைபடம் போட்ட ஆங்கிலக் கப்பல் தலைவர் அவர். 1803 டிசம்பரில் கம்பர்லாண்ட் என்ற ஓட்டைக் கப்பலில் வந்து இறங்கினார். கையிலிருந்த அனுமதிச்சீட்டோ வேறொரு கப்பலுக்கானது. தெகான் சந்தேகப்பட்டுக் காவலில் வைத்தார். விருந்துக்கு அழைத்தபோது பிளிண்டர்ஸ் மறுத்ததும் கோபத்தைக் கூட்டியது. விடுதலை செய்யலாம் என்று பாரிஸிலிருந்து உத்தரவு வந்த பிறகும் 1810 வரை விடவில்லை. பிளிண்டர்ஸுக்குத் தீவின் காவல் பலவீனம் தெரியும், வெளியே போனால் ஆபத்து என்று தெகான் கணக்குப் போட்டிருக்கிறார். படைத்தலைவராக அது புரிகிறது, மனிதராக அது கொடுமை.

பதில்: போர்ட் லூயிஸ், நோட்டரி அலுவலகக் குமாஸ்தா

ஐயா, ஒன்று சேர்க்கிறேன். நான் தினமும் தட்டச்சு செய்யும் சொத்துப் பத்திரங்களின் வேர் பிரெஞ்சு சிவில் சட்டம். அதை இந்தத் தீவில் அமல்படுத்தியவர் தெகான். ஆனால் அதே கையால் அடிமை முறையையும் இறுக்கினார். 1794இல் புரட்சி அரசு அடிமை முறையை ஒழித்தது, இங்கே இருந்த தோட்ட முதலாளிகள் ஏற்கவில்லை. 1802இல் நெப்போலியன் அந்த முறையைச் சட்டமாகவே நிலைநிறுத்தினார், தெகான் அதைக் காத்தார். அடிமைகளில் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களும் உண்டு. பிள்ளையின் பக்கத்தில் இதுவும் வர வேண்டும்.

பதில்: மஹேபூர் ஓய்வுபெற்ற ஆசிரியர்

முழுக்கச் சரி தம்பி. நான் அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

முடிவையும் எழுதிவிடுகிறேன். 1810 ஆகஸ்ட்டில் எங்கள் விரிகுடாவில் நடந்த கிராண்ட் போர்ட் சண்டையில் ஆங்கிலேயர் நான்கு போர்க்கப்பல்களை இழந்தார்கள். பாரிஸ் வெற்றி வளைவில் அந்தப் பெயர் இருக்கிறது. ஆனால் நவம்பர் 29 அன்று ஆங்கிலேயரின் பெரும் படை வடக்கே இறங்கியது. அதில் மதராஸ் சிப்பாய்களும் வந்தார்கள், நம் மொழி பேசியவர்களும் இருந்திருப்பார்கள். டிசம்பர் 3 அன்று தெகான் சரணடைந்தார். தன் வீரர்கள் கைதிகளாகாமல் ஊர் திரும்பவும், இங்குள்ளவர்கள் தங்கள் மதம், சட்டம், பழக்கவழக்கங்களை வைத்துக்கொள்ளவும் பேசி முடித்தார். தம்பி தட்டச்சு செய்யும் பத்திரங்கள் இன்னும் அந்தச் சட்டத்தில் இருப்பது அதனால்தான். அப்புறம் ஸ்பெயினின் கத்தலோனியாவில் படை நடத்தி, 1832இல் காலராவில் இறந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மகனை இங்கே அழைத்து வாருங்கள். கிராண்ட் போர்ட் சண்டையில் காயமடைந்த இரு தரப்புத் தளபதிகளையும் ஒரே கூரையின் கீழ் படுக்கவைத்த வீடுதான் இப்போது அருங்காட்சியகம்.

கேள்வி கேட்டவர்

ரொம்ப நன்றி ஐயா, தம்பிக்கும். கதவு சாத்தியிருந்த கதையை வாசித்ததும் மகன் எழுத உட்கார்ந்துவிட்டான். ஞாயிறு வருகிறோம்.