முதன்முதலாகக் கோழியை அடை வைத்த கதை: உங்கள் வீட்டில் எப்படி?

பெருந்துறைக்காரி:

எங்கள் வீட்டில் 3 பெட்டை, 1 சேவல், எல்லாம் நாட்டுக்கோழி. மார்ச்சில் ஒரு நாள் கறுப்புப் பெட்டை கூடையை விட்டு இறங்கவே இல்லை. கையை நீட்டினால் இறகெல்லாம் சிலிர்த்துக்கொண்டு பந்து மாதிரி உப்பி, க்ர்ர்ர் என்று ஒரு சத்தம். சீக்கு வந்துவிட்டது என்று பயந்து மருந்துக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் சிரித்துவிட்டார். "சீக்கெல்லாம் இல்லீங்க கண்ணு, அடைக்குப் படுத்திருக்குது. போய் முட்டையை வைங்க."

அப்புறம் அம்மாயிக்கு (அம்மாவின் அம்மா) போன். பழைய மூங்கில் கூடை, அடியில் மணல், மேலே வைக்கோல், ஒரு பிடி வேப்பிலை. முட்டை ஒரு வாரத்துக்குள் இட்டதாக இருக்கவேண்டும், ஒற்றைப்படையில் வைக்கவேண்டும். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும், அதனால் ஓர் இரும்பு ஆணி, கரித்துண்டு, 2 வரமிளகாய். இந்தக் கடைசி விஷயத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனாலும் போட்டேன். போடாமல் முட்டை கெட்டுப்போனால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார். 11 முட்டை, இருட்டிய பிறகு வைத்தேன்.

ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவைதான் இறங்கும். கம்பு தானியத்தைக் கொத்தி, தண்ணீர் குடித்து, ஊரையே கூப்பிடும் நாற்றத்தோடு ஒரு பெரிய எச்சம் போட்டு, கொஞ்சம் மண்ணில் புரண்டுவிட்டு, கால் மணி நேரத்தில் திரும்ப ஏறிவிடும். ஒருமுறை அடியில் கையை விட்டுப் பார்த்தேன். வயிற்றில் இறகு உதிர்ந்து வெறும் தோல், காய்ச்சல்காரர் நெற்றி மாதிரிச் சூடு. ஓரத்து முட்டையை அலகால் நடுவுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டே இருக்கும்.

8ஆம் நாள் ராத்திரி போன் டார்ச்சில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். சிவப்பு நரம்பு வலை, நடுவில் துள்ளும் ஒரு கறுப்புப் புள்ளி. சத்தம் போட்டு வீட்டில் எல்லோரையும் எழுப்பிவிட்டேன். இரண்டில் ஒன்றுமே இல்லை, கூமுட்டை. எடுத்துவிட்டேன். மீதி 9.

இனிமேல்தான் நான் செய்த முட்டாள்தனம். 13ஆம் நாள் எண்ணிப் பார்த்தால் 12! இது இரை தின்ன இறங்கும் நேரத்தில் மற்ற இரண்டும் அதே கூடையில் ஏறி முட்டையிட்டிருக்கின்றன. எது பழசு, எது புதுசு? வைத்த அன்றைக்கே பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தால் தெரிந்திருக்கும். டார்ச் அடித்தால் கண்டுபிடித்திருக்கலாம் என்று இப்போது சொல்கிறேன், அன்றைக்குத் தோன்றவில்லை. சரி, பொரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

20ஆம் நாள் சாயங்காலம் கூடைக்குள்ளிருந்து கீச் கீச். மறுநாள் 7 குஞ்சு. எட்டாவது ஓட்டில் ஓட்டை போட்டுவிட்டு மணிக்கணக்காக அப்படியே இருந்தது. ஓட்டைப் பிய்த்துவிடக் கை பரபரத்தது. உள்ளே நரம்பு வற்றியிருக்காது, பிய்த்தால் ரத்தம் போய்ச் செத்துவிடும் என்று அம்மாயி திட்டி நிறுத்தினார். விடிந்தபோது தானாகவே வெளியே கிடந்தது.

23ஆம் நாள் தாய் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டது. 4 முட்டை கூடையில் கிடந்தன. டார்ச் அடித்தால் ஒன்றில் அசைவே இல்லை, மூன்றில் உயிர் இருக்கிறது! துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெருவுக்கு ஓடினேன். அங்கே ஒரு கோழி அடைக்கு உட்கார்ந்து 10 நாள் தாண்டியிருந்தது. அந்த அக்கா ஒன்றும் கேட்காமல் அதன் அடியில் செருகிவிட்டார். 9 நாள் கழித்து இரண்டு பொரித்தன. அவை இப்போது அந்த வீட்டுக் கோழிகள். திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கரிசல்காட்டான்:

அடையை நாங்கள் அவயம் என்போம். நான் பென்சில் கோடு போட்டேன், கோட்டைவிட்டது செள்ளுப் பூச்சியில். சித்திரை வெயில், 15ஆம் நாள். கோழி முட்டை மேல் உட்காராமல் நின்றுகொண்டிருந்தது. திமிர் என்று நினைத்தேன். கையை விட்டதும் முழங்கை வரை பொடிப்பொடியாக ஊர்கிறது. பாவம், ராத்திரியெல்லாம் அதன் ரத்தத்தைக் குடித்திருக்கின்றன. வைக்கோலைக் கொளுத்திவிட்டு, கூடையை வெயிலில் காயவைத்து, புது மணல், புது வைக்கோல். பக்கத்திலேயே சாம்பலும் மண்ணும் கலந்து ஒரு குழி; இறங்கியதும் அதில்தான் குளியல். 9 முட்டையில் 5 பொரித்தன. ஒன்றைப் பருந்து தூக்கியது. அப்புறம் ஒரு மாதம் பஞ்சாரக் கூடையைவிட்டு வெளியே விடவில்லை.

குஞ்சுக்கு முதல் நாள் இரை தின்னவில்லையே என்று யாரும் பதற வேண்டாம். மஞ்சள் கரு வயிற்றுக்குள் இருக்கும், ஒரு நாள் தாங்கும். ஆனால் 7ஆம் நாள், வெள்ளைக்கழிச்சல் நோய் வராமலிருக்கக் கண்ணில் சொட்டு மருந்து விடுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

மாடிவீட்டு மங்கை:

சென்னை, மொட்டை மாடி, ஒரே ஒரு பெட்டை, சேவல் கிடையாது. அதுவும் அடைக்குப் படுத்தது. கடையில் அரை டஜன் வெள்ளை முட்டை வாங்கி வைத்துவிட்டுப் பெருமையாக அப்பாவிடம் சொன்னேன். "சேவலே பார்க்காத முட்டையில் குஞ்சு எங்கிருந்தும்மா வரும்?" என்றார். எடுத்தால் கொத்தியது, காலி கூடையிலும் உட்கார்ந்தது. மூன்று வாரம் கழித்து, பொரித்து ஒரு நாளான 4 குஞ்சு வாங்கிவந்து நடுராத்திரி லைட்டைப் போடாமல் ஒவ்வொன்றாக இறக்கைக்கு அடியில் நுழைத்தேன். காலையில் மாடிக்குப் போனால் குஞ்சுகளுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டு என்னைக் கொத்த வருகிறது.