கைரேடியோவின் ஆன்டெனாவை மாற்றிய அனுபவங்கள்

மலைநடையர்:
நான்கு ஆண்டுகள் கடந்தும் அந்த மாலை மனத்தை விட்டு அகலவில்லை. ரேடியோவோடு வந்த குட்டை ரப்பர் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, ஏறத்தாழ 40 செ.மீ. நீளமுள்ள சாட்டை ஆன்டெனாவைப் போட்டிருந்தேன். அதுவரை இரைச்சலோடு வந்த ரிப்பீட்டர், அதாவது நம் அலையை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம், அன்று தெளிவாகக் கேட்டது. ரேடியோவை இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டு புதர்ப் பாதையில் இறங்கியபோது, கிளைகள் ஒவ்வொன்றாக அந்தச் சாட்டையை வளைத்து வளைத்து விட்டதை நான் பொருட்படுத்தவே இல்லை. பின்தங்கிய தோழரை அழைத்தபோது பதில் வரவில்லை. ஆன்டெனாவைத் தொட்டதும், அது கனெக்டரோடு சேர்ந்து விழப்போகும் பல்லைப் போல ஆடியது. ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்தால் அவர் குரல் வந்தது; கையை எடுத்தால் வெறும் இரைச்சல்தான். இருட்டும் வரை அப்படியே பிடித்தபடி பேசி அவரைக் கண்டுபிடித்தேன். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தபோது, ஆன்டெனாவைத் திருகி மாட்டும் எஸ்எம்ஏ கனெக்டர் சர்க்யூட் பலகையோடு சேரும் ஈயப்பற்றில் மயிரிழை போல ஒரு கீறல் ஓடியிருந்தது.

அலைத்தேடி:
உங்களுக்குக் கீறலாவது கண்ணில் பட்டது. எனக்கு எல்லாமே சரியாக இருப்பதாகத் தோன்றியதுதான் சிக்கல். வாங்கிய ஆன்டெனா மரையில் வழுக்கிக்கொண்டு ஏறி, கடைசிச் சுற்றில் கச்சிதமாக இறுகியது. அருகிலிருந்த நிலையம் மங்கலாகக் கேட்கவும் செய்ததால், இடம்தான் சரியில்லை என்று முடிவுகட்டி, இரண்டு நாட்கள் மொட்டை மாடியில் அலைந்தேன். மூன்றாம் நாள் ஆன்டெனாவைக் கழற்றி, டார்ச் விளக்கை அடித்து உள்ளே பார்த்தேன். ரேடியோவின் நடுவில் துளை. ஆன்டெனாவின் நடுவிலும் துளை. ஊசி எந்தப் பக்கத்திலும் இல்லை. வைஃபை ரூட்டர்களில் வரும் ஆர்பி-எஸ்எம்ஏ வகை அது; மரை ஒன்றேயானாலும் நடுமுனை மாறியிருக்கும். ஆன்டெனாவே இல்லாத ரேடியோவில் இரண்டு நாட்கள் முழுத் திறனில் பொத்தானை அழுத்தியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ரேடியோ பிழைத்துக்கொண்டது, அதன் அனுப்பும் பகுதி எவ்வளவு சூடேறியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

உச்சிக்காற்று:
இருவரும் கனெக்டரையே குறை சொல்கிறீர்கள். நீளமான ஆன்டெனா எங்கும் நன்மையே செய்யும் என்ற நம்பிக்கையை நீங்கள் தொடவே இல்லை என்பதால், கனெக்டரை மட்டும் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஒலிபரப்புக் கோபுரங்கள் நிறைந்த ஒரு குன்றின் உச்சியில் நின்றபோது, என் நீண்ட ஆன்டெனாவில் ரிப்பீட்டர் அடியோடு மறைந்துபோனது. பழைய ரப்பர் குட்டையைத் திருகிய அதே நொடியில், எதிர்முனையில் ஒருவர் பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தின் பாதி காதில் விழுந்தது. கோபுரங்களின் வலுவான அலைகளையும் நீண்ட ஆன்டெனா அள்ளிக்கொண்டு வந்து, சிறிய ரேடியோவின் உள்வாங்கும் பகுதியைத் திணறடித்துவிட்டது. நல்ல ஆன்டெனா வேண்டாததையும் நன்றாகவே கேட்கும்.

செம்புக்கம்பி:
என் கதை சிறியது: ரேடியோவுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே மாட்டிய அடாப்டர் ஒன்று பாதி வழியில் தானாகக் கழன்று, ஆன்டெனாவைத் தொலைத்தேன். அதற்குப் பிறகு கற்றவற்றைச் சொல்லிவிடுகிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும்.

உச்சிக்காற்று அவர்களே, நீங்கள் சொல்வது கோபுரங்களுக்கு அருகில் மட்டுமே பொருந்தும். பள்ளத்தாக்கில் நிற்பவரிடம் குட்டை ஆன்டெனா போதும் என்று சொல்வது நியாயமில்லை. ஆன்டெனாவை மாற்றாமலேயே பயன் பெறவும் வழி உண்டு. 145 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் ஏறத்தாழ 50 செ.மீ.; அந்த நீளத்தில் ஒரு கம்பியை ஆன்டெனாவின் அடியில், கனெக்டரின் வெளி உலோகத்தைத் தொடும்படி கட்டித் தொங்கவிட்டால், ஆன்டெனாவுக்கு இல்லாத மறுபாதி கிடைத்துவிடும்.

அடிக்கடி ஆன்டெனா மாற்றுபவர் பிஎன்சி என்ற செருகித் திருகும் வகை அடாப்டரைப் போட்டுக்கொள்ளலாம். கால் திருகில் மாட்டவும் கழற்றவும் முடியும், மரையும் தேயாது. ஆனால் அதன் அடித்தட்டு அகலமாக இருந்து, ரேடியோவின் மேல்பரப்பில் உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தால்தான் வளைக்கும் விசை உடற்கூட்டுக்குப் போகும். இல்லையென்றால் முழுச் சுமையும் உள்ளே இருக்கும் ஈயப்பற்றின் மேல்தான். அதே சமயம், மரை முழுவதும் ஏறுவதற்கு முன்பே அடித்தட்டு உடலில் முட்டினால் நடு ஊசி சரியாகச் சேராது. இடைவெளி இருந்தால் மெல்லிய ரப்பர் வளையம் ஒன்றைப் போடுங்கள். விரலால் இறுக்கினால் போதும், குறடு வேண்டாம். மலைநடையர் அவர்களே, உங்கள் ஆன்டெனாவின் அடி ரேடியோவைத் தொட்டுக்கொண்டிருந்ததா?

மலைநடையர்:
நீங்கள் கேட்டதும், அன்று கழற்றி எடுத்து வைத்த அந்த ஆன்டெனாவைத் தேடி எடுத்து, இப்போதுள்ள ரேடியோவில் திருகிப் பார்த்தேன். பழைய ரேடியோவும் இதே மாதிரிதான். முழுவதும் இறுகிய பிறகும், ஆன்டெனாவின் அடிப்பகுதிக்கும் ரேடியோவின் உடலுக்கும் நடுவே மடித்த காகிதம் ஒன்று தடையில்லாமல் நுழைந்து மறுபக்கம் வந்தது.