காற்றடைக்கும் படகுக்குப் பிளைவுட் தரை: டியூபில் காற்று ஏறியதும் நடு இணைப்பு எழும்புகிறது, உதவி தேவை

கரையோரன்:
அனைவருக்கும் வணக்கம். என் காற்றடைக்கும் படகுக்குப் பிளைவுட்டில் நானே தரை செய்திருக்கிறேன். காற்று இல்லாதபோது நன்றாகப் படிந்து கிடக்கும் தரை, பக்க டியூப்களில் காற்றை நிரப்பியதும் இணைப்பில் கூரை போல எழும்பிவிடுகிறது. மேலே ஏறி நின்றால் தாழ்கிறது, இறங்கினால் மறுபடியும் எழும்புகிறது. அடியில் ஏதோ உரசும் சத்தமும் கேட்கிறது. இதைவிடத் தடிமனான பலகை போட்டால் சரியாகிவிடுமா? வார இறுதியில் படகைத் தண்ணீரில் இறக்கவிருப்பதால் விரைவாகப் பதில் சொல்லுங்கள்.

நீர்வழி:
நண்பரே, நீங்கள் எழுதியிருப்பதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது. படகின் நீளம் என்ன? துடுப்பா, மோட்டாரா? பலகையின் தடிமன் எவ்வளவு, எத்தனை துண்டுகள், துண்டுகளை எதைக் கொண்டு இணைத்திருக்கிறீர்கள்? தரைக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் காற்றுக்குழாய் உங்கள் படகில் உண்டா? டியூபில் எவ்வளவு அழுத்தம் வரை நிரப்பினீர்கள்? இவை தெரிந்தால்தான் உதவ முடியும்.

மூத்த மாலுமி:
தம்பி, இதே கேள்வியை ஒவ்வொரு பருவத்திலும் யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். பழைய இழைகளைச் சற்றே தேடிப் பார்த்திருந்தால் இந்தப் பதிவுக்கே தேவை இருந்திருக்காது. அடிக்குழாயில் முதலில் காற்றை நிரப்பிவிட்டுப் பிறகு பலகையை வைத்திருப்பீர்கள். அடிக்குழாய் என்பது கடைசியில் நிரப்பப்பட வேண்டியது. பலகையை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை, வரிசையை மாற்றுங்கள்.

நுரைப்பலகை:
என்னைக் கேட்டால் பிளைவுட்டையே கைவிடச் சொல்வேன். எக்ஸ்பிஎஸ் எனப்படும் பாலிஸ்டைரீன் நுரைப்பலகையின் இரு முகங்களிலும் கண்ணாடி இழைத் துணியை எபாக்சியால் (இரண்டு பாகங்களைக் கலந்தால் இறுகும் பிசின்) ஒட்டினால், பிளைவுட்டைவிட எடை குறைந்த, தண்ணீரில் ஊறாத தரை கிடைக்கும். 9 மி.மீ. பிளைவுட் ஒரு சதுர மீட்டருக்கு ஐந்து கிலோவுக்கு மேல் எடை காட்டும். தூக்கிச் செல்வதற்காகவே இந்த வகைப் படகை வாங்கியவர்கள் அந்த எடையை ஏன் சுமக்க வேண்டும்?

கரையோரன்:
மூன்று மீட்டர் படகு. சிறிய மோட்டார். 9 மி.மீ. பலகை, மூன்று துண்டுகள், கதவுக்குப் போடும் கீல்களால் இணைத்திருக்கிறேன். மடித்து எடுத்துச் செல்ல வசதியாக இருக்கும் என்று நினைத்தேன்.

தச்சன்மகள்:
கீல்களை எந்த முகத்தில் பொருத்தியிருக்கிறீர்கள்? மேல்முகத்திலா, அடிமுகத்திலா? என் பதில் முழுவதும் அதைப் பொறுத்தே இருக்கிறது.

மூத்த மாலுமி:
கீலுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை, சகோதரி. அடிக்குழாய்தான் காரணம் என்று முன்பே சொல்லிவிட்டேன். நுரைப்பலகையாரின் யோசனையைப் பொறுத்தவரை, அது ஏரியில் துடுப்புப் போடுகிறவர்களுக்குப் பொருந்தலாம். மோட்டாரின் விசையைத் தாங்க வேண்டிய தரைக்குப் பொருந்தாது. எக்ஸ்பிஎஸ் பெட்ரோல் பட்டால் கரையும் பொருள் என்பதையாவது அவர் சொல்லியிருக்க வேண்டும்.

நுரைப்பலகை:
எபாக்சிப் பூச்சு முழுமையாக இருக்கும்வரை பெட்ரோல் நுரையைத் தொடாது. கரைத்துவிடுவது பாலியெஸ்டர் ரெசின். அதில் இருக்கும் ஸ்டைரீன் நுரையைத் தின்றுவிடும் என்பதால்தான் எபாக்சி என்று குறிப்பிட்டு எழுதினேன். இரண்டு முகங்களுக்கும் நடுவில் தடிமனான, எடை குறைந்த பொருளை வைப்பதே வலிமைக்கான வழி. விமானத் தரைப்பலகைகளும் இதே அடிப்படையில்தான் செய்யப்படுகின்றன.

நீர்வழி:
நுரைப்பலகையார் சொல்வது சரியே. ஆயினும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். படகு பிவிசி துணியால் ஆனதாக இருந்தால், அதை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள் மெல்லக் கசிந்து, தன்னை நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீன் நுரையை நாளடைவில் இளக்கிவிடும். எனவே விளிம்புகள் உட்பட எங்கும் நுரை வெளியே தெரியக் கூடாது. ஒரே ஒரு கீறல் விழுந்தாலும் பூச்சைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். கரையோரன் இப்போது கேட்பது இணைப்பு எழும்புவதைப் பற்றி என்பதால், பலகையை மாற்றினாலும் கீல் அப்படியே இருந்தால் இதே சிக்கல்தான் வரும்.

கரையோரன்:
கீல்கள் அடிமுகத்தில் இருக்கின்றன. மேலே இருந்தால் காலில் இடறும் என்பதால் அப்படிச் செய்தேன். அடிக்குழாய் இருக்கிறது, ஆனால் அதில் இன்னும் காற்றே நிரப்பவில்லை.

தச்சன்மகள்:
அப்படியானால் காரணம் தெளிவாகிவிட்டது. டியூப்களில் காற்று ஏற ஏற அவை பருத்து, தரைக்கு இருக்கும் இடத்தைச் சுருக்குகின்றன. அணியத்தின் (படகின் முன்முனை) பக்கமிருந்தும் பின்பலகையின் (மோட்டார் மாட்டும் பலகை) பக்கமிருந்தும் தரை நெருக்கப்படுகிறது. நீளவாக்கில் நெருக்கப்படும் தரை எந்த இடத்தில் எளிதாக மடியுமோ அந்த இடத்தில்தான் மடியும். கீல் அடிமுகத்தில் இருக்கும்போது, இணைப்பு மேலே எழுகையில் இரு பலகைகளின் மேல் விளிம்புகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிச் செல்கின்றன, தடுப்பதற்கு எதுவுமில்லை. கீலை மேல்முகத்துக்கு மாற்றினால் அடி விளிம்புகள் முட்டிக்கொண்டு எழும்புவதை நிறுத்திவிடும் என்பது உண்மைதான். ஆனால் மோட்டார் பின்னாலிருந்து தள்ளும்போதும் அலையில் ஏறும்போதும் அணியம் மேல்நோக்கி மடியும். அது இதைவிட ஆபத்தானது. ஆகவே கீல் எந்த முகத்திலும் வேண்டாம், கழற்றிவிடுங்கள்.

உங்கள் முதல் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. பலகையின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுவதால், 12 மி.மீ. பலகை 9 மி.மீ. பலகையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் விறைப்பாக இருக்கும். ஆனால் இணைப்பில் விறைப்பே இல்லாதபோது, இணைப்புக்கு வெளியே எவ்வளவு விறைப்பு இருந்தும் பயனில்லை. தடிமனைக் கூட்டாமல், தரையின் இரு பக்க விளிம்புகளிலும் யு வடிவ அலுமினியச் சட்டத்தை நீளவாக்கில் மாட்டுங்கள். மூன்று துண்டுகளும் அந்தச் சட்டத்துக்குள் நுழைந்து உட்கார வேண்டும்; சட்டம் இரண்டு இணைப்புகளையும் தாண்டிச் செல்ல வேண்டும். மடிப்பதற்காகச் சட்டத்தை இரண்டாக வெட்டுவதானால், வெட்டு நடுப்பலகையின் மையத்தில் வரட்டும், பலகைகளின் இணைப்புக்கு நேராக ஒருபோதும் வரக் கூடாது. துண்டுகள் சந்திக்கும் இடத்தில் எச் வடிவச் சட்டம் ஒன்றைக் குறுக்கே செருகினால், ஒரு பலகை மேலும் மற்றது கீழுமாக நழுவாது. பூச்சுக்குப் பிறகு பலகை சற்றுப் பருத்துவிடும் என்பதால், 9 மி.மீ. பலகைக்கு உட்பள்ளம் 10 மி.மீ. இருக்கும் சட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்.

உரசும் சத்தம் கீலின் நடு ஆணியிலிருந்தும் பலகையின் கூர்மூலைகளிலிருந்தும் வந்திருக்க வேண்டும். விளிம்பு முழுவதையும் ரவுட்டரால் (விளிம்பைச் செதுக்கும் மின்கருவி) 6 மி.மீ. ஆரத்துக்கு உருட்டி, உப்புத்தாளால் தேய்த்து, கன்னத்தில் வைத்துப் பாருங்கள். விரலுக்குத் தெரியாத சிலும்பு அங்கே தெரியும். பிளைவுட்டின் வெட்டு விளிம்பு தண்ணீரைப் போலவே எபாக்சியையும் உறிஞ்சும். முதல் பூச்சு பூசிய சற்று நேரத்தில் பளபளப்பு மறைந்து விளிம்பு வறண்டதுபோல் தெரிந்தால், அது நிறைய குடித்திருக்கிறது என்று பொருள். பிசுபிசுப்பு இருக்கும்போதே அடுத்த பூச்சைக் கொடுங்கள். வெயிலில் எபாக்சி கெட்டுப்போகும்; அதன்மேல் பெயின்ட்டோ, புறஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷோ கட்டாயம் வேண்டும்.

மூத்த மாலுமி:
சட்டம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அது யாருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் நீங்கள் சொல்லாமல் விட்டது பலகையின் நார்வாக்கு. படகு நீளவாக்கில்தான் வளைகிறது என்பதால், மேல் அடுக்கின் நாரும் நீளவாக்கில்தான் ஓட வேண்டும். இதைக் கவனிக்காமல் வெட்டியிருந்தால் எந்தச் சட்டமும் உதவாது.

தச்சன்மகள்:
ஒரே பலகையாக இருக்கும் தரைக்கு நீங்கள் சொல்வது பொருந்தும், ஐயா. துண்டுகளாக வெட்டிய தரையில் நீளவாக்கு விறைப்பைப் பக்கச் சட்டங்களே கொடுக்கின்றன. விளிம்புகளை டியூப் அழுத்திப் பிடித்திருக்க, அடிக்குழாய் நடுவில் முட்டி மேலே தள்ளுவதால், ஒவ்வொரு துண்டும் அகலவாக்கில்தான் வளைக்கப்படுகிறது. எனவே நார் குறுக்கே ஓடுவதே நல்லது என்பது என் கருத்து. எப்படி இருந்தாலும், வெட்டி முடித்த பலகையை இதற்காகத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

மூத்த மாலுமி:
நான் பார்த்த தரைகள் பலவற்றில் நார் நீளவாக்கில்தான் இருந்தது. அனுபவத்துக்கு முன்னால் கணக்கு நிற்காது.

நுரைப்பலகை:
நார்வாக்கே இல்லாத பொருளைப் பயன்படுத்தினால் இந்த விவாதமே எழாது என்பதை மட்டும் பணிவுடன் பதிவு செய்கிறேன்.

நீர்வழி:
கரையோரன், பொருத்தும் வரிசையை எழுதிவிடுகிறேன், ஏனெனில் அதில் மூத்த மாலுமி சொன்னது சரி. டியூப்களில் வடிவம் வரும் அளவுக்கு மட்டும் காற்றை நிரப்புங்கள். அணியத் துண்டையும் பின்பலகையை ஒட்டிய துண்டையும் முதலில் வைத்து, நடுத்துண்டைக் கடைசியில் செருகி அழுத்தி இறக்குங்கள். பிறகு படகை ஒரு பக்கமாகச் சற்றே உயர்த்திச் சட்டத்தை மாட்டி, மறுபக்கத்துக்கும் அப்படியே செய்யுங்கள். அதன்பின் டியூப்களை முழு அழுத்தத்துக்குக் கொண்டுவந்து, எல்லாம் முடிந்த பிறகே அடிக்குழாயை நிரப்புங்கள். நடுத்துண்டு உடல் எடையைப் போட்டும் இறங்காவிட்டால் தரை நீளமாக இருக்கிறது. சுத்தியலைத் தொடாமல் விளிம்பைச் சீவுங்கள்.

அழுத்தத்தைக் கைப்பதத்தில் விட்டுவிடாமல் அளவுமானியால் பாருங்கள். இவ்வகை மோட்டார் படகுகளின் டியூப்களுக்குப் பெரும்பாலும் 0.2 முதல் 0.25 பார் வரை சொல்லப்படும். உங்கள் படகின் வால்வருகே அச்சிட்டிருக்கும் எண்ணே இறுதியானது. 25 பாகை வெப்பத்தில் 0.25 பார் நிரப்பிய டியூப் கரையில் வெயில் பட்டு 50 பாகைக்குச் சூடானால், அழுத்தம் 0.35 பாரை நெருங்கும். அந்தக் கூடுதல் நெருக்கமும் தரையின்மேல்தான் விழும். கரையில் நிற்கும்போது கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு, தண்ணீரில் குளிர்ந்ததும் நிரப்பிக்கொள்ளுங்கள்.

கரையோரன்:
கீல்களைக் கழற்றிச் சட்டம் மாட்டினேன். இப்போது எழும்பவில்லை, மேலே நடந்தாலும் அசையவில்லை. எச் சட்டம் இன்னும் கிடைக்கவில்லை. நன்றி.

தச்சன்மகள்:
மகிழ்ச்சி. தண்ணீரில் இறக்குவதற்கு முன் தரையை வெளியே எடுத்து, கீல்கள் உட்கார்ந்திருந்த இடங்களில் அடித்துணியை வெளிச்சத்தில் பாருங்கள். மேற்பூச்சு தேய்ந்து உள்ளிருக்கும் நெசவு தெரிந்தால் அங்கே ஒட்டு போட்டாக வேண்டும். துணி பிவிசியாக இருந்தால் இரண்டு பாகங்களைக் கலக்கும் பாலியூரித்தேன் பசையும், ஹைப்பலானாக (செயற்கை ரப்பர் பூசிய துணி) இருந்தால் நியோப்ரீன் பசையும் தேவை. ஒன்றுக்கான பசை மற்றதில் நிற்காது. உங்கள் துணி எந்த வகை என்பதை எழுதினால் மேற்கொண்டு சொல்கிறேன்.