புதுப்பிப்பு: டேட்டா கேட்டலாக்கும் 'பேர்' என்ற சொல்லும்

போன மாதம் கேட்டிருந்தேன்: ஹட்டன் பக்கத்துத் தேயிலைக் கம்பனி ஒன்றின் சிஸ்டங்களை டேட்டா கேட்டலாக்கில் (எந்தத் தரவு எங்கே இருக்கிறது, அதற்கு என்ன பொருள் என்று காட்டும் பட்டியல்) பதியும்போது டேபிள் டேபிளாகப் போவதா, ஒரு சிஸ்டத்துக்கு ஒரு பக்கமா என்று. ஒரு பக்கம்தான். பொறுப்பாளர் யார், என்ன தரவு, எங்கிருந்து வந்து எங்கே போகிறது. டேபிள் விவரத்தைக் கேட்டலாக்கின் ஸ்கேனர் மென்பொருளே இழுத்துக்கொள்ளும்.

சிக்கல் வந்தது வேறு இடத்தில். கொழுந்து நிறுக்கும் சிஸ்டத்தில் 'பேர்' என்றால் தொழிலாளியின் பெயர். செக்றோலில், அதாவது வேலை நாளும் சம்பளமும் பதியும் பதிவேட்டில், 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். கிலோ குறைந்தால் அரைப்பேர். புதிதாக வந்த தம்பி ஒருவர் இரண்டையும் இணைத்து ரிப்போர்ட் எடுத்தார். ஒன்றும் பொருந்தவில்லை, பாவம் இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டார். கிலோவும் அப்படித்தான்: இங்கே மொத்த எடை, அங்கே ஈரமும் சாக்கும் கழித்த எடை. இதையெல்லாம் சொன்னது எந்த ஆவணமும் இல்லை, ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர். "எழுதி வைக்க என்ன இருக்கு தம்பி, எல்லாருக்கும் தெரியுந்தானே" என்றார். சரி, இப்போது சொல் விளக்கப் பகுதியில் 'பேர்' இரண்டு தடவை இருக்கிறது.

அடையாள அட்டை இலக்கம் உள்ள சிஸ்டங்களுக்குத் தனிக்குறி போட்டேன். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே.

தராசு சிஸ்டத்தின் பொறுப்பாளர் பெட்டி மட்டும் இன்னும் காலி. பெக்டரியைக் கேட்டால் ஒபிஸ் என்கிறார்கள், ஒபிஸைக் கேட்டால் பெக்டரி.